வந்தாரும் இருந்தாரும் ஒரே பானையின் முன்

(மட்டக்களப்பு, அமிர்தகழியில் தைப்பொங்கல் விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)

     

அமிர்தகழி என்னும் இப்பெயர் இந்நாட்டில் அறியாதார் இலர். ஆடி அமாவாசையன்று மாமாங்கேச்சரர் ஆலயத் தீர்த்தக் குளத்தில் மூழ்கி, இறந்த தந்தையர்க்குக் கடன் ஆற்ற எத்தனை ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு வருகின்றனர்! எழுவான்கரையார் வருவர், படுவான்கரையார் வருவர், வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியவரும் இவ்வழியே வந்து இளைப்பாறிச் செல்வர். குளத்தில் இறங்குபவனை நோக்கி, "உன் பாட்டன் எங்கே பிறந்தான்? அதற்குச் சான்றுப் பத்திரம் உண்டா?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது அடாது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

அத்தகைய குளத்தின் அயலில் இன்று இரண்டு அடுப்புகள் மூட்டப்பட்டன. ஒன்றை இவ்வூர்த் தாய்மார் மூட்டினர். மற்றொன்றை, மலைநாட்டிலிருந்து 1977 இலும் 1983 இலும் உயிர் ஒன்றையே கையிற் பிடித்துக்கொண்டு வந்து, இம்மாவட்டத்தின் குடியேற்றங்களில் வேர்கொண்ட குடும்பங்களின் தாய்மார் மூட்டினர். இரு பானைகளிலும் இட்ட அரிசி படுவான்கரை வயலில் விளைந்த அரிசியே. இக்காட்சியைக் கண்டு மகிழ்ந்தோம். மகிழ்ந்த அக்கணமே எமது உள்ளத்தில் ஒரு கேள்வியும் எழுந்தது. இரண்டு அடுப்புகள் ஏன்? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மண்ணில் வாழ்ந்த பின்னரும் ஒருவரை 'வந்தவர்' என்றும், மற்றவரை 'இருந்தவர்' என்றும் பிரித்துப் பேசும் வழக்கம் ஏன்? அதைப் பற்றியே இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகின்றோம்.

தமிழனுக்குத் தேசியத் திருநாள் எது? அரசாங்க நாட்குறிப்பைப் புரட்டினால் மாசி மாதம் நான்காம் தேதி என்று விடை வரும். 1948 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது உண்மை. ஆனால், அதே 1948 ஆம் ஆண்டில், கொடி ஏறி ஓராண்டு நிறையுமுன்னரே, 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியதும் உண்மையன்றோ? இந்நாட்டிற் பிறந்த ஒருவன் தன் தந்தை இங்கே பிறந்தான் என்றோ, தந்தை பிறவாதவிடத்துத் தன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ காட்டவேண்டும் என அச்சட்டம் விதித்தது. பத்திரம் காட்டிப் பூட்டன் பிறந்த ஊரை நிறுவ வேண்டுமாயின், இம்மண்டபத்தில் வீற்றிருக்கும் போடியார்மாரில் எத்தனை பேர் தேறுவர்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். எம்மிடம் எவரும் கேட்கவில்லை. ஆதலால் நாம் பிரசைகளானோம். அவர்களிடம் கேட்டார்கள், ஆதலால் அவர்கள் நாடற்றவரானார்கள். வேறுபாடு இவ்வளவே.

அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரேனும் செல்லவில்லை. தேர்தலில் வென்று ஒரு தோட்டத் தமிழர் மீண்டும் அம்மன்றத்தில் அமர்வதற்கு 1977 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மற்றவர்க்குச் சுதந்திரம் வந்த ஆண்டு இவர்களுக்கு உரிமை போன ஆண்டு. அந்நாளைத் திருநாளாகக் கொண்டாடு என்று அவர்களை நோக்கிச் சொல்ல எவருக்குத் துணிவு உண்டு?

பொங்கலின் நிலை வேறு. பொங்கல் கொண்டாடப் பிரசாவுரிமைப் பத்திரம் வேண்டுவதில்லை. ஞாயிறு உதிப்பதற்கு எந்தக் கந்தோரின் முத்திரையும் தேவையில்லை. தோட்டத்து லயத்தின் வாசலில் கோலமிட்டுப் பொங்கியவனும், வயலோரக் குடிசையில் பொங்கியவனும் ஒரே கதிரவனையே வணங்கினர். உரிமை அனைத்தையும் இழந்து நின்ற காலத்திலும் அந்த மக்களிடமிருந்து எவராலும் பறிக்க முடியாத தேசியத் திருநாள் இது ஒன்றே. ஆகவேதான் இதனை நாம் தமிழ் பேசும் மக்களின் தேசியத் திருநாள் என்கின்றோம்.

தோழர்களே! இம்மக்கள் யார்? இரக்கப்பட்டு எவரோ இடங்கொடுத்த விருந்தினரா? 1820 களில் கோப்பிப் பயிர் தொடங்கிய நாள் முதல், இராமேசுவரம் கடந்து, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தவர்கள் இவர்களின் முன்னோர். நடந்தவர் எல்லாரும் போய்ச் சேரவில்லை. காய்ச்சலிலும் கொள்ளை நோயிலும் வழியிலேயே மாண்டவர் எண்ணிறந்தோர். கோப்பி நோயால் அழிந்தது, தேயிலை வந்தது. அத்தேயிலை ஈட்டிய செல்வத்தைக்கொண்டே இந்நாட்டின் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் பாதைகளும் பெரும்பாலும் எழுந்தன. மட்டக்களப்பில் இலவசக் கல்வி பெற்று உத்தியோகத்துக்குப் போன ஒவ்வொருவனின் புத்தகத்திலும் கொழுந்து பறித்த ஒரு தாயின் வியர்வைத் துளி உண்டு. இதனை நாம் மறப்போமானால் நன்றி மறந்தவராவோம். 2023 ஆம் ஆண்டில், அவர்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் நடந்த அதே வழியில் அவர்தம் வழித்தோன்றல்கள் நடந்து சென்றனர். வேலை கேட்டு நடந்தவரின் பேரர், மதிப்புக் கேட்டு நடந்தனர்.

இடைக்காலத்தில் அவர்களைப் பங்கு போட்ட கதையையும் சொல்லவேண்டும். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி பிறகு பார்க்கப்படும். அந்த எச்சத்தையும் 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. களவெட்டியில் நெல்லைக்கூட இவ்வளவு எளிதாகப் பங்கிடமாட்டோம். அதற்கும் உழைத்தவனைக் கேட்போம். இங்கே மக்களைப் பங்கிட்டார்கள், மக்களைக் கேட்கவில்லை. அண்ணன் ஒரு கரையில், தம்பி மறு கரையில் ஆனார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்துக்கு 'அழுகைக் கோச்சி' என்று அம்மக்களே பெயரிட்டார்கள். எந்தப் புலவரும் இதனினும் பொருத்தமான பெயரை இட்டிருக்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறுவடைக் காலத்தில் படுவான்கரை வயல் ஒன்றின் வரப்பில், மலைநாட்டிலிருந்து வந்த மூதாட்டி ஒருவருடன் உரையாட நேர்ந்தது. "ஆச்சி, உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டோம். அவர் கதிர்க்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எந்த ஊர்னு சொல்றதுங்க ஐயா? தோட்டத்துல இருந்தப்போ கள்ளத்தோணின்னாங்க. இந்தியாவுக்குப் போன எங்க அண்ணனைச் சிலோன்காரன்னாங்க. இங்க வந்தா தோட்டக்காட்டான்ங்கிறாங்க. நீங்களே ஒரு ஊரு சொல்லுங்க, அதையே வச்சுக்கிறேன்." எம்மிடம் மறுமொழி இல்லை. மூன்று வசைப் பெயர்களில் முதலாவதைச் சூட்டியவர் வேறு எவரோ. இரண்டாவதைச் சூட்டியவர் கடலுக்கு அப்பால் இருப்போர். மூன்றாவதைச் சூட்டியவர் நாமே. அன்று தலைகுனிந்து நின்ற அக்கணத்தை மறக்க முடியாமலே இன்று இம்மேடையில் ஏறி நிற்கின்றோம்.

'வந்தாரை வாழவைக்கும் மட்டக்களப்பு' என்று மார்தட்டிக்கொள்கின்றோம். மீன் பாடும் தேன்நாடு என்றும் சொல்லிக்கொள்கின்றோம். புகழ்மொழி இனிமையானதுதான். ஆயினும் பரீட்சை எழுதாமலே தேறியதாகச் சொல்லும் மாணவனைப் போல நாமும் ஆகிவிடலாகாது. வந்தாரை நாம் எவ்வாறு வாழவைத்தோம் என்று சிறிது கணக்குப் பார்ப்போம்.

1977 ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்தில் அடிபட்டு வந்தவர்களை ஏற்கப் பலர் முன்வந்தனர் என்பது உண்மை. வவுனியாவைத் தளமாகக் கொண்டு தோன்றிய காந்தியம் இயக்கம் அவர்களைக் குடியமர்த்தும் பெரும்பணியை மேற்கொண்டது. கட்டடக் கலைஞர் டேவிட் ஐயா அவர்களும் வைத்தியர் இராசசுந்தரம் அவர்களும் தங்கள் தொழிலையும் வருவாயையும் ஒதுக்கிவைத்து அதற்கு உழைத்தனர். அதற்கு அவர்கள் பெற்ற பரிசு சிறை. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெலிக்கடைச் சிறையில் வைத்தியர் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் ஐயா மட்டக்களப்புச் சிறைக்குக் கொணரப்பட்டு, அவ்வாண்டு செப்டெம்பர் 23 ஆம் நாள் அங்கிருந்து தப்பினார். அந்தச் சிறைச்சாலை இம்மேடையிலிருந்து தொலைவில் இல்லை. கற்றவர் கல்லாதார்க்கு என்ன செய்யலாம் என்று கேட்கும் எம் உத்தியோகத்தர் அனைவரும் அவ்விருவரின் வாழ்க்கையை ஒரு முறை எண்ணிப் பார்ப்பாராக.

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சூறாவளி போடியார் வீட்டு ஓட்டையும் பறித்தது. ஓராண்டுக்கு முன் வந்தவனின் ஓலைக் கூரையையும் பறித்தது. தென்னந்தோப்புகள் கிடையாகக் கிடந்தன. காற்று, வந்தவன் யார், இருந்தவன் யார் என்று பார்க்கவில்லை. மறுநாள் காலையில் விழுந்த மரத்தைச் சேர்ந்தே தூக்கினோம். கிடைத்த கஞ்சியைச் சேர்ந்தே குடித்தோம். அழிவில் ஒன்றாக நின்ற நாம் ஆக்கத்தில் ஏன் பிரிந்து நிற்கவேண்டும்?

கணக்கின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. வந்தவர்களை நாம் பெரும்பாலும் எங்கே இருத்தினோம்? நீர் கிட்டாத மேட்டு நிலத்திலும், யானை இறங்கும் காட்டோரத்திலும், மாவட்டத்தின் எல்லைக் கோட்டிலும் இருத்தினோம். எல்லையைக் காக்க ஆள் கிடைத்தது என்று மகிழ்ந்தோமே அல்லாமல், துப்பாக்கி வெடித்தால் முதலில் விழுபவன் அவன் என்று கவலைப்பட்டோமா? வெள்ளாண்மைக்குக் குறைந்த கூலியில் ஆள் கிடைத்தது என்று மகிழ்ந்த வயற்காரர் எம்முள் இல்லையா? திருமணம் என்று வந்தால் குடி கேட்டு, ஊர் கேட்டு, முகம் சுளித்தவர் எம்முள் இல்லையா? இவற்றை வெளியார் சொன்னால் கோபம் வரும். ஆகவே நாமே சொல்லிவிடுதல் நன்று.

1948 இலும் 1949 இலும் அவர்கள் உரிமை பறிக்கப்பட்டபோது, வடக்கு கிழக்குத் தமிழ்ப் பிரதிநிதிகளுள் சிலர் அரசாங்கத்தின் பக்கத்தில் அமர்ந்திருந்தனர். 'அது தோட்டத்தார் விஷயம்' என்றனர். அவ்வாறன்று, இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை எமக்கும் நேரும் என்று சொல்லி விலகி வந்தவர் செல்வநாயகம் அவர்கள். 1949 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு அதுவே ஒரு தலையாய காரணம். 1956 ஆம் ஆண்டில் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அவர் சொன்னது பலித்தது. அவ்வாண்டு ஆவணி மாதத்தில் திருகோணமலை மாநாட்டில் வகுக்கப்பட்ட கோரிக்கைகளுள் மலைநாட்டு மக்களின் பிரசாவுரிமையும் ஒன்று. 1985 இல் திம்புவில் முன்வைக்கப்பட்ட நான்கு கோட்பாடுகளுள்ளும், இத்தீவைத் தாயகமாகக் கொண்ட தமிழர் எல்லார்க்கும் பிரசாவுரிமை என்பது இடம்பெற்றது. மேடையில் நாம் சரியாகவே பேசி வந்தோம். ஆனால், மேடையிற் பேசியதை வாய்க்காலோரத்தில் நடைமுறைப்படுத்தினோமா? அதுவே கேள்வி.

1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால் நாடற்றோர் என்னும் பெயர் ஏட்டளவில் நீங்கிற்று. 1948 இலிருந்து 2003 வரை எண்ணினால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இதனை இன்னொரு கணக்குடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 1983 க்குப் பின் எமது உறவினர் எத்தனை பேர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் சென்றனர்! அகதியாய்ச் சென்றோம், மொழி தெரியாது, குளிர் தெரியாது. இன்று கனடாவில் நிரந்தர வதிவு பெற்ற ஒருவன் ஐந்தாண்டுக்குள் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாட்கள் அங்கே வாழ்ந்தால் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 2016 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அங்கே எம்மவர் பொங்கல் பொங்க, அயல்வீட்டு வெள்ளையரும் சீனரும் வந்து அமர்ந்து உண்கின்றனர். தொலைபேசியில் அப்படத்தைக் கண்டு நாம் பெருமைப்படுகின்றோம். அங்கே மூன்றாண்டு வாழ்ந்தவனுக்கு உரிமை கேட்கும் நாம், இங்கே இருநூறு ஆண்டு வாழ்ந்தவனின் பேரனை 'வந்தான் வரத்தான்' என்று சொல்லலாமா? அங்கே விருந்தாளியாக இருக்க மறுக்கும் நாம், இங்கே விருந்தளிப்பவர் போல நடிக்கலாமா?

இன்னுமொரு கடனையும் நினைவூட்டுகின்றோம். இம்மண்ணின் மைந்தர் விபுலாநந்த அடிகள் கடல் கடந்து தமிழகம் சென்றபோது, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக்கிப் பெருமை கொண்டது. காரைதீவில் பிறந்தவர் இங்கே வரலாமா என்று அவர்கள் கேட்கவில்லை. அறிவாளன் ஒருவன் சென்றால் ஆசனம், உழைப்பாளன் ஒருவன் வந்தால் வரப்போரம் என்பது நீதியாகுமா?

சகோதரர்களே! குறை சொல்வது எளிது. செய்யத்தக்கன எவை என்பதையும் சொல்லிவிடுகின்றோம். மூன்றே செய்திகள்.

முதலாவது, நிலம். குடியேற்றங்களில் உள்ள பலர் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கும் அனுமதிப்பத்திரத்தில் வாழ்கின்றனர். அதுவும் இன்றி வாழ்வோரும் உளர். அனுமதிப்பத்திரம் பெற்றவர் தமக்குப் பின் உரியவர் இன்னார் என்று பெயர் குறித்துப் பதிந்து வைக்கலாம். பலர் பதிவதில்லை. தந்தை மறைந்தபின் பிள்ளைகளுக்குள் வழக்கு. வழக்கு முடிவதற்குள் நிலம் பற்றைக்காடு. வாரிசு ஒழுங்கில் ஆணுக்கே முதன்மை தந்த பழைய விதியும் 2022 இல் திருத்தப்பட்டுவிட்டது. இதை எத்தனை தாய்மார் அறிவர்? சட்டத்தரணிகளே, எழுதுவினைஞர்களே! மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். குடியேற்றத்துக்குச் சென்று ஒரு மரநிழலில் அமர்ந்து, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவனுக்கு அதனை எடுக்கவும், பெயர் குறியாதவனுக்குக் குறிக்கவும் உதவுங்கள். உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது பெட்டியில் பத்திரமாகவும் இருக்கவேண்டும்.

இரண்டாவது, நீர். கமக்காரத் தோழர்களே! போகத்தின் தொடக்கத்தில் கூட்டம் கூடித் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் தீர்மானிக்கின்றீர்கள். அக்கூட்டத்தில் குடியேற்றத்து உழவன் எங்கே அமர்கின்றான்? பின்வரிசையிலா, வாசலுக்கு வெளியிலா? வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவனுக்குத் தண்ணீர் இறுதியில்தான் சென்று சேரும். ஆகவே அவன் சொல் முதலில் கேட்கப்படவேண்டும். அவனைக் கமக்காரர் அமைப்பில் சேருங்கள், பொறுப்பும் கொடுங்கள். நெல் அவன் எம்மிடம் கற்ற தொழிலாக இருக்கலாம். ஆனால், சரிவில் மண் கரையாமல் காப்பதும், சிறு நிலத்தில் மரக்கறி எடுப்பதும் மலைநாடு அவனுக்குக் கற்பித்த வித்தைகள். கற்பிப்பதோடு நில்லாமல் கற்றுக்கொள்ளவும் அமர்வோமாக.

மூன்றாவது, சொல். இதற்குப் பணம் வேண்டாம், கந்தோர் வேண்டாம். அந்த மூதாட்டி சொன்ன மூன்றாவது பெயரை இன்றோடு எமது நாவிலிருந்து நீக்குவோம். ஆசிரியர்களே! வகுப்பறையில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையை அப்பெயரால் அழைக்கும்போது கேளாதவர் போல இருந்துவிடாதீர்கள். அன்று நீங்கள் காக்கும் மௌனம் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் வாழ்நாள் முழுவதும் பேசும்.

மலைநாட்டிலிருந்து வந்த உடன்பிறப்புகளுக்கும் ஒரு சொல். நன்றி கூறிக் கூறியே வாழவேண்டும் என எண்ணாதீர்கள். நீங்கள் எமது விருந்தினர் அல்லர். உங்கள் மாரியம்மன் திருவிழாவையும் காமன் கூத்தையும் மறைக்கவேண்டாம். எமது கண்ணகியம்மன் வைகாசிச் சடங்குக்கும், வடமோடி தென்மோடிக் கூத்துக்கும் பக்கத்தில் அவற்றை ஆடுங்கள். களரி பெரியது, இருவர்க்கும் இடமுண்டு.

இந்த ஒற்றுமை எவரையும் விலக்குவதற்கு அன்று. எமது அயலில் முஸ்லிம் சகோதரர் வாழ்கின்றனர். அவர்களும் இதே குளத்து நீரில் இதே நெல்லை விளைவிப்பவர். சிங்கள உழவனும் மழையைப் பார்த்தே விதைக்கின்றான். உழவர் திருநாள் வேலி அடைக்கும் நாளாகிவிட்டால் அது பொங்கலாகாது.

'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பது முன்னோர் மொழி. வழி தானே பிறப்பதில்லை; நடப்பவன் காலில் பிறக்கின்றது. மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டில் வழி பிறந்ததும் அவ்வாறே. அடுத்த தைக்குள், இங்கே கூடியிருக்கும் கற்றவர் ஒவ்வொருவரும் ஒரு குடியேற்றக் குடும்பத்துக்காவது காணிப் பத்திரத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் ஒழுங்கு செய்து கொடுப்பதென இன்று உறுதி கொள்வோம். கமக்காரர் ஒவ்வொருவரும் அடுத்த போகக் கூட்டத்தில் ஒரு குடியேற்றத்து உழவனைத் தம் பக்கத்தில் அமர்த்துவதென உறுதி கொள்வோம். அவற்றைச் செய்து முடித்தபின் அடுத்த ஆண்டு இதே இடத்தில் கூடுவோம். அன்று ஓர் அடுப்பு போதும். பானையை மட்டும் சற்றுப் பெரிதாகக் கொண்டு வாருங்கள்.

அந்த மூதாட்டி எம்மிடம் ஓர் ஊரின் பெயர் கேட்டார். அன்று சொல்லமுடியாத மறுமொழியை இன்று உங்கள் அனைவரின் சார்பிலும் சொல்கின்றோம்: ஆச்சி, இதுவே உங்கள் ஊர்.